சந்தைச் சிலுவையடியில் ஒரு வரிசை

கிளெமென்ட் ரட்ஜ் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசி எங்கள் ஆஷ்மின்ஸ்டரில் யாரும் கேட்டதில்லை. அவர் கார் லைசென்ஸுக்குத் தேர்வு நடத்திய அதிகாரி. 'இடது பக்கம் திரும்புங்க', 'அங்க ஓரமா நிறுத்துங்க', 'வருத்தமா இருக்குங்க, நீங்க தேறலை' என்ற மூன்றையே மாற்றி மாற்றிச் சொல்லி ஒரு முழு உத்தியோகத்தையும் ஓட்டி முடித்து, ஓய்வும் வாங்கிவிட்டார் மனிதர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஒரு தடவையாவது தோற்றவர்கள். அவர் எதிரே வந்தால் இன்றைக்கும் சிலர், சும்மா நடந்து போகிறபோதுகூட, திரும்புவதற்கு முன்னால் பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை காலை, மழைத் தூறலில், சந்தைச் சிலுவைக்கடியில் நின்று ஒரே ஒரு வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். 'போகாதீங்க.' அவ்வளவுதான் வார்த்தை. அதை மாவிஸ் டாலி அம்மாளிடம் சொல்ல வேண்டும். மத்தியான பஸ் கிளம்புவதற்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அம்மாள் ஸ்காட்லாந்துக்குப் போய்விடுவார். போனால் திரும்பி வரமாட்டார்.

மாவிஸ் அம்மாள் அடுத்த வீட்டு விதவை. பழைய துணிமணி விற்று ஏழைகளுக்கு உதவுகிற கடையில் கல்லாவில் உட்காருகிறவர். சிவப்புத் தொப்பி, கணீரென்ற குரல், எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிற சுபாவம். வியாழக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடுவார்கள். அந்த அம்மாள் பேசுவார், இவர் வினிகர் புட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார். வருஷக்கணக்காக இப்படித்தான். ஊரார் மனதுக்குள் எப்போதோ இவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை.

கடைசியில் மாவிஸ் அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்காட்லாந்தில் தனியாக இருக்கிற தங்கை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சரி வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கிளெமென்டிடமும் சொன்னார். மனிதருக்குத் தலையில் இடி விழுந்தது. ஆனால் வாயில் வந்தது என்ன தெரியுமா? அங்கே குளிர் ஜாஸ்தி, தடிமனான காலுறை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது!

மாவிஸ் அம்மாள் வேலிக்கு இன்னும் நெருங்கி வந்தார்.

"காலுறை எடுத்து வெச்சாச்சு, கிளெமென்ட். நாளைக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி சிலுவைக்கடியில கொஞ்ச நேரம் நிப்பேன். காலுறையைத் தவிர வேற ஏதாவது சொல்லணும்னு தோணுச்சுன்னா அங்க வாங்க. தோணலைன்னா வேண்டாம்."

ஒரு பெண்பிள்ளை இதற்கு மேல் எப்படிச் சொல்வாள்? தண்டோரா போட்டா சொல்வாள்? கிளெமென்டுக்கே புரிந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு, கடைகள் கதவு திறக்கும் முன்பே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சிலுவை என்று பேர்தானே ஒழிய எங்கள் ஊர்ச் சந்தைச் சிலுவை ஒரு கல் மண்டபம். எட்டு வளைவு, நடுவில் ஒரு பருத்த தூண், உச்சியில் கிரீடம் மாதிரி ஒன்று, கிரீடத்தின் மேல் புறாக்கள். முற்காலத்தில் வெண்ணெய் விற்கிறவர்கள் நனையாமல் உட்காரக் கட்டியது. நாலு பெரிய வீதிகளும் வந்து முட்டுவது அங்கேதான். கார்களை உள்ளே விட்ட நாளில் எல்லா வண்டியும் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். கிளெமென்ட் தேர்வுக்கு வந்தவர்களை அங்கே ஓட்டிவரச் சொல்லித்தான் ஃபெயில் ஆக்குவார். இப்போது பஸ்ஸைத் தவிர வேறு வண்டி கிடையாது.

அன்றைக்கு மண்டபத்துக்குள் யாரோ ஒரு மடக்கு மேசையைப் போட்டுப் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஆள் இல்லை, மேலே சாமானும் இல்லை. புறா எச்சம் விழாத இடம் அது ஒன்றுதான் என்று கிளெமென்ட் அதன் முன்னால் போய் நின்றார். தெருவைப் பார்த்துக்கொண்டு வாயை அசைத்தால் பைத்தியம் என்று நினைப்பார்களே என்ற வெட்கத்தில், தெருவுக்கு முதுகைக் காட்டி, தூணைப் பார்த்து ஒத்திகையை ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் ஒரு மனிதன் மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் யோசித்திருக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தானே.

பின்னால் சக்கரப் பை உருண்டு வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மிஸஸ் பினக். பழைய போஸ்ட்மாஸ்டரின் சம்சாரம். நீங்கள்தான் கடைசியா என்று கேட்டார். கிளெமென்ட் திரும்பிப் பார்த்தார். மனிதருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று உள்ளதைச் சொன்னார். போதாதா? அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

ஒருவர் நின்றால் அது ஆள். இரண்டு பேர் நின்றால் அது வரிசை. அப்புறம் யார் தடுக்க முடியும்? நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு நர்சுகள் வந்தார்கள். வேலையே இல்லாத கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். எதற்கு நிற்கிறோம் என்று ஒருவர் கேட்கவேண்டுமே! கேட்டால், இதுகூடத் தெரியாமலா வந்து நின்றாய் என்று முன்னால் இருப்பவர் நினைத்துவிட மாட்டாரா? அந்தக் கேவலத்துக்கு மழையில் நனைவதே மேல். அதனால் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு தங்களுக்குள் யூகித்தார்கள். தேவாலயக் கச்சேரிக்கு டிக்கெட் என்றார் நாய்க்காரர். காய்ச்சல் ஊசி என்றார்கள் நர்சுகள், நமக்குச் சொல்லவே இல்லையே என்ற வருத்தத்தோடு. மிஸஸ் பினக் மட்டும் உறுதியாக இருந்தார்: அந்தக் காலத்தில் இதே வளைவில்தான் ஊருக்குப் பன் கொடுப்பார்கள், மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். ஊசியும் வேண்டாம் பன்னும் வேண்டாம் என்கிறவர்கள்கூட நின்றார்கள். இத்தனை பேர் சும்மாவா நிற்பார்கள்?

தூணைப் பார்த்து 'போகாதீங்க' என்பதை ஒருவழியாகத் திக்காமல் சொல்லக் கற்றுக்கொண்டு கிளெமென்ட் திரும்பினார். வரிசை வளைவைத் தாண்டி, பாங்கைத் தாண்டி, பாலாடைக்கட்டிக் கடை வாசல்வரை போயிருந்தது. அதற்கு அவர் தலைவர்.

மிஸஸ் பினக்கிடம் குனிந்து, மன்னிக்க வேண்டும், நான் வரிசையில் இல்லை, ஒருவருக்காகக் காத்திருக்கிறேன் என்றார்.

"வரிசையில இல்லாதவர் வரிசைக்கு முன்னாடி வந்து ஏங்க நிக்கிறீங்க?" என்றார் மிஸஸ் பினக்.

நியாயமான கேள்விதான். கிளெமென்ட் ஒதுங்கினார், அந்த அம்மாள் சக்கரப் பையை உருட்டிக்கொண்டு மேசையோடு மேசையாகப் போய் நின்றார். உடனே வரிசை முழுவதும் ஓர் அடி முன்னால் நகர்ந்தது. நகர்கிறது, நகர்கிறது என்று கடைசிவரை சந்தோஷம் பரவியது. அதைப் பார்த்து இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். கிளெமென்டுக்கு வேண்டாத வரிசைதான், இருந்தாலும் முதல் இடம் கைவிட்டுப் போனதில் மனசு லேசாக அடித்துக்கொண்டது. பிறந்த ஊர்ப் புத்தி எங்கே போகும்?

அப்போதுதான் சிவப்புத் தொப்பி கண்ணில் பட்டது. பாலாடைக்கட்டிக் கடை வாசலில், வரிசைக்குள், பெட்டியும் கையுமாக மாவிஸ் அம்மாள். வந்தவர் கிளெமென்டின் முதுகை மண்டபத்துக்குள் பார்த்திருக்கிறார். அந்த முதுகுக்கும் தனக்கும் நடுவில் ஒரு வரிசை நிற்பதையும் பார்த்திருக்கிறார். வேறு ஊர்ப் பெண் என்றால் பக்கவாட்டில் நாலு எட்டு நடந்து வந்து தோளைத் தட்டியிருப்பாள். மாவிஸ் அம்மாள் எவ்வளவு வாய்த்துடுக்கு இருந்தாலும் ஆஷ்மின்ஸ்டர்க்காரர். வரிசையின் கடைசியில் போய் நின்றுவிட்டார், தன் முறை வரும்போது கிளெமென்டிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று.

கிளெமென்ட் வரிசையின் ஓரமாக நடந்தார். அத்தனை கண்களும் கூடவே நடந்தன. பக்கத்தில் போனதும் மாவிஸ் அம்மாள், இது எதற்கு வரிசை என்று கேட்டார். தெரியாது என்றார் கிளெமென்ட்.

"தெரியாமலா முதல் ஆளா நின்னீங்க?"

"நான் நிக்கலை. எனக்குப் பின்னால நின்னுட்டாங்க."

மாவிஸ் அம்மாளின் உதட்டோரம் துடித்தது. இதுதான் சமயம். கிளெமென்ட் வாயைத் திறந்தார். தூணிடம் அத்தனை அழகாக வந்த வார்த்தை தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து மாவிஸ் அம்மாளுக்கு நேர் பின்னால் நின்ற ஆள் இருமினார்.

வியாதி இருமல் இல்லை அது. எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம் வரிசையில் நடுவில் நுழைவது, அதற்குப் போலீஸ் இந்த இருமல்தான். இருமியவர் நார்மன் பிளக், மேற்குத் தெருவில் இறைச்சிக் கடை வைத்திருக்கிறவர், கதவு அகலத்துக்குத் தோள். வரிசை அந்தக் கோடியில் முடிகிறது என்று மரியாதையாகக் கையைக் காட்டினார். கிளெமென்டின் மூளை வேண்டாம் என்றது. கால் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் நின்றது.

இப்போது அவருக்கும் மாவிஸ் அம்மாளுக்கும் நடுவில் நார்மன், நார்மனுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் ஒரு குழந்தை, அதன் தாய், குடை பிடித்த ஒரு பாதிரியார். கனவு கண்ட ஊமை மாதிரி கிளெமென்ட் அந்தச் சிவப்புத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துப் பார்த்து, துணிந்து, பாதிரியாரின் தோளைத் தொட்டு, முன்னால் நிற்கிற அந்த அம்மாளிடம் ஒரு செய்தி சொல்ல முடியுமா என்றார். பாதிரியார் மகிழ்ச்சியோடு காதைக் கொடுத்தார். அப்போதாவது சொல்லக் கூடாதா? பாதிரியார் மூலமாக எப்படிச் சொல்வது? குடை இருக்கிறதா என்று கேளுங்கள் என்றார் கிளெமென்ட்.

கேள்வி பாதிரியாரிடமிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து நார்மனுக்கு, நார்மனிடமிருந்து மாவிஸ் அம்மாளுக்கு ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல் போனது. இருக்கிறது என்ற பதில் அதே வழியில் திரும்பி வந்தது. பதில் சொன்னபோது மாவிஸ் அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் கிளெமென்டுக்கு வலித்தது. கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மேற்குத் தெருவிலிருந்து பஸ் வந்து சிலுவைக்கு எதிரே நின்றது. டிரைவர் இறங்கி பஸ்ஸின் வயிற்றுக் கதவைத் திறந்து பெட்டிகளை உள்ளே தள்ள ஆரம்பித்தார். மாவிஸ் அம்மாள் பெட்டியின் கைப்பிடியை நிமிர்த்தினார். பஸ்ஸைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிக் கிளெமென்டைப் பார்த்தார். கிளெமென்ட் தொண்டையைக் கனைத்தார், எச்சிலை விழுங்கினார். வார்த்தையையும் சேர்த்து விழுங்கிவிட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நார்மன் அகலமாகத் திரும்பினார்.

"நீங்க மிஸ்டர் ரட்ஜ்தானே? அப்பவே நினைச்சேன். என்னைத் தெரியுதா உங்களுக்கு?"

தெரியாதே என்று தலையாட்டினார் கிளெமென்ட். இந்த நேரத்தில் இவர் வேறு!

"எனக்கு உங்களை மறக்காது. இதே சிலுவைக்கு முன்னாடி, மேற்குத் தெரு முனையில, ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். வழி கிடைச்சுது. நான் போகலை. இன்னொரு வண்டி வருமோன்னு பார்த்தேன். அதுவும் வரலை. நான் அப்பவும் போகலை. என்ன சொல்லி என்னை ஃபெயில் ஆக்கினீங்க, ஞாபகம் இருக்கா?"

கிளெமென்டுக்கு ஆள்தான் ஞாபகம் இல்லை. குற்றம் ஞாபகம் இருந்தது. பாதி ஊரை அதைச் சொல்லித்தானே கவிழ்த்தார். "தேவையில்லாத தயக்கம்," என்றார் மெல்லிய குரலில்.

"அதேதான். எங்கப்பா ஒரு மாசம் என்னை அதைச் சொல்லியே கூப்பிட்டார்." நார்மன் குரலைத் தாழ்த்தினார், தாழ்த்தியும் பாங்குவரை கேட்டது. "அந்த அம்மா உங்களையே பார்த்துட்டு நிக்கிறாங்க. ரோடு காலியா இருக்குங்க, மிஸ்டர் ரட்ஜ்."

தள்ளுவண்டிக் குழந்தையின் தாய் தலையாட்டினாள். ஆமாங்க, காலியாத்தான் இருக்கு என்றார் பாதிரியார்.

கிளெமென்டுக்குக் காது மடல் கொதித்தது. டிரைவர் வயிற்றுக் கதவை மூடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், மனிதர் தன் இடத்தை விட்டார். பழக்கதோஷம், பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பாதிரியாரைத் தாண்டி, குழந்தையைத் தாண்டி, நார்மனைத் தாண்டி, பட்டப்பகலில், ஊர் பார்க்க, வரிசைக்கு நடுவில் நுழைந்து மாவிஸ் அம்மாளுக்கு முன்னால் போய் நின்றார்.

"மாவிஸ், போகாதீங்க. நீங்க போயிட்டா எனக்கு வியாழக்கிழமையே கிடையாது. மத்த நாளும் எதுக்குன்னு தெரியலை. உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ரொம்ப வருஷமாவே பிடிக்கும், சொல்லத்தான் தெரியலை."

நாலு வாக்கியம். சேர்ந்தாற்போல். வரிசை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கேட்கவில்லை என்று காட்டுவதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் புறாக்களைப் பார்த்தார்கள். நர்சுகளில் ஒருத்தி மட்டும் வெட்கமில்லாமல் மூக்கை உறிஞ்சினாள்.

மாவிஸ் அம்மாள் வாயைத் திறந்தார், மூடினார். அவருக்கும் பேச்சு நின்றுபோய் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அந்த அமைதியில் நார்மன் மறுபடியும் இருமினார். கிளெமென்டை முன்னால் போகத் தூண்டிவிட்டவரே அவர்தான். ஆனாலும் சட்டம் சட்டமில்லையா? அவருக்கும் பின்னால் ஆட்கள் நிற்கிறார்களே.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா," என்றார், முகமெல்லாம் சிவந்துபோய். "இவர் உங்ககூட வந்தவரா? இல்லைன்னா பின்னாடி போய்த்தான் நிக்கணும்."

மாவிஸ் அம்மாள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. பெட்டியின் கைப்பிடியை எடுத்துக் கிளெமென்டின் கையில் வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மூடினார்.

"ஆமாங்க," என்றார் கணீரென்று. "என்கூடத்தான்."

"அப்ப சரி," என்றார் நார்மன். வரிசையும் அப்ப சரி என்று முணுமுணுத்தது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார், மாவிஸ் அம்மாள் வேண்டாம் என்று கையை ஆட்டினார், பஸ் ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டது. தங்கைக்கு என்ன சொல்வீர்கள் என்று கிளெமென்ட் கவலைப்பட்டார். காலுறையை வேண்டுமானால் தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றார் மாவிஸ் அம்மாள்.

இப்போது இரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? போகவில்லை. இவ்வளவு நேரம் நின்றாயிற்று, இடத்தை விட்டுவிட்டுப் போவானேன் என்று இருவருக்குமே தோன்றியிருக்கிறது. ஒரே குடைக்குள் நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் மிஸ் ஹாப்டே வந்தார். தேவாலயத்து ஜாம் விற்பனையைக் கவனிக்கிறவர். முந்தின நாள் விற்பனைக்குப் போட்ட மேசையை எடுத்துப்போக வண்டியோடு வந்திருக்கிறார். வந்து பார்த்தால் மேசைக்கு முன்னால் ஊரே நிற்கிறது. என்ன இது என்று அவரும் கேட்கவில்லை. அவரும் எங்கள் ஊர்தானே. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பச்சைத் துணியை மடித்தார்.

மிஸஸ் பினக்கின் முகம் வாடிப்போயிற்று. "தீர்ந்துபோச்சா?"

மிஸ் ஹாப்டே கொஞ்சம் திகைத்தார். பிறகு உள்ளதைச் சொன்னார். "நேத்தே தீர்ந்துருச்சுங்க."

தீர்ந்துவிட்டதாம், நேற்றே தீர்ந்துவிட்டதாம் என்று செய்தி கடைசிவரை போனது. ஒரு பெருமூச்சு வந்தது. யாருக்கும் கோபம் இல்லை. நேற்றே வந்திருக்க வேண்டும், எப்போதும் நம் முறை வருகிறபோது இப்படித்தான் என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். கல்லூரிப் பையன்கள்கூட ஏமாற்றத்தோடு போனார்கள்.

மிஸஸ் பினக் காலிச் சக்கரப் பையை உருட்டிக்கொண்டு குடையடியில் நிற்கிற இருவரையும் கடந்தார். கடந்தவர், கிளெமென்ட் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"உங்களுக்காவது ஏதாவது கிடைச்சுதா?" என்று மாவிஸ் அம்மாளைக் கேட்டார்.

"கிடைச்சுதுங்க," என்றார் மாவிஸ் அம்மாள், கிளெமென்டின் கையைப் பிடித்துக்கொண்டு. "ஆனா ரொம்ப வருஷம் நிக்க வேண்டியதாப்போச்சு."